ஆசிட் ரூம் ஷவர்

அம்பத்தூர் எஸ்டேட்டில் சைக்கிள் உதிரிகளுக்கு நிக்கல் முலாம் பூசித் தருகிற கம்பெனி அது. எழுபத்து நாலாம் வருஷம் ஒரு திங்கட்கிழமை காலை, அங்கே வேலை பார்த்த நாகவல்லி ஆசிட் ரூமுக்குள் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

சண்டையாகச் சொல்லவில்லை. சங்கு ஊதியதும் எல்லோரோடும் உள்ளே வந்தாள். சாப்பாட்டுத் தூக்கை ஆணியில் மாட்டினாள். ரப்பர் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு ஆசிட் ரூம் வாசல் வரைக்கும் போனாள். அங்கேயே சுவரோரமாகக் குந்திக்கொண்டாள். அவளைப் பார்த்துவிட்டுப் பார்வதமும் மற்ற இரண்டு பெண்களும் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

அவர்கள் வேலை, ஹேண்டில்பாரையும் மட்கார்டையும் செம்புக் கம்பியில் கோத்து ஆசிட் தொட்டியில் முக்கி எடுப்பது. துரு போனால்தான் நிக்கல் பிடிக்கும். சனிக்கிழமை மத்தியானம் நாகவல்லி தொட்டியிலிருந்து கம்பியைத் தூக்கும்போது ஒரு ஹேண்டில்பார் நழுவி உள்ளே விழுந்தது. தெறித்த ஆசிட் அவள் முழங்கைக்குக் கீழே பட்டது. இப்படி ஏதாவது ஆனால் நனைந்துகொள்வதற்கென்றே அந்த ரூமின் மூலையில் ஒரு ஷவர் மாட்டியிருந்தார்கள். ஓடிப்போய் அதன் சக்கரத்தைத் திருகினாள். சக்கரம் சுற்றியது. ஒரு சொட்டு வரவில்லை. கடைசி வரைக்கும் திருகினாள். அதற்குள் பார்வதம் வெளியே இருந்த குழாயடியிலிருந்து மக்கில் தண்ணீர் மொண்டு வந்து ஊற்றினாள். நாலணா அளவுக்குத் தோல் வெந்ததோடு போயிற்று.

திங்கட்கிழமை அவர்கள் வாசலில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துச் சூப்பர்வைசர் சம்பத் வந்து விசாரித்தார். முப்பது வயசுக்காரர், கெட்டவர் இல்லை. அன்று சாயங்காலத்துக்குள் ஒரு லாரி சரக்கு போக வேண்டியிருந்தது, அதுதான் அவர் கவலை. முதலில் சரக்கு போகட்டும், ஷவரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

"கையில பட்டுச்சு, பார்வதம் மொண்டாந்து ஊத்திச்சு சார்," என்றாள் நாகவல்லி. "கண்ணுல பட்டா நான் எந்தப் பக்கம் ஓடறதுன்னு எனக்கே தெரியாது. தண்ணி வந்தாத்தான் உள்ள போவேன்."

சம்பத் உள்ளே போய்த் தானே சக்கரத்தைத் திருகிப் பார்த்தார். தண்ணீர் வரவில்லை. பிறகு ஆபீஸுக்குப் போய்ப் பழைய ஃபைலைப் புரட்டி, அந்த லைனைப் போட்டது யார் என்று தேடினார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் போட்டது, பூந்தமல்லி ஷவுகத் அலி என்று இருந்தது. ஆள் அனுப்பினார்.

பன்னிரண்டு மணிக்கு ஷவுகத் அலி சைக்கிளில் வந்து சேர்ந்தான். முப்பத்தாறு வயசு. பூந்தமல்லியிலிருந்து ஆவடி வரைக்கும் வீடுகளிலும் கம்பெனிகளிலும் பைப் வேலை செய்கிறவன். பாய் கை வைத்த இடம் ஒழுகாது என்று அந்தப் பக்கத்தில் ஒரு பேர் உண்டு, அது அவனுக்கும் தெரியும். இரண்டு வருஷத்தில் எத்தனையோ இடத்தில் வேலை செய்துவிட்டதால் இந்தக் கம்பெனி அவனுக்குச் சட்டென்று ஞாபகம் வரவில்லை. மூலையில் இருந்த ஷவரைப் பார்த்ததும், ஆமாம், நான் போட்டதுதான் என்று தலையாட்டினான்.

ஒரு ஷவரில் தண்ணீர் வரவில்லை என்றால் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று அவனுக்கு ஒரு முறை உண்டு. முதலில் தொட்டி. ஜாடி தூக்குகிற ஆள் ஒருவன் ஏணியைப் பிடித்துக்கொள்ள, மாடிக்கு ஏறி, தொட்டி மூடியைத் தூக்கிப் பார்த்தான். முக்கால் தொட்டி தண்ணீர் இருந்தது. தொட்டியிலிருந்து கீழே இறங்குகிற பைப்புகள் நாலுக்கும் தனித்தனி வால்வு. ஆசிட் ரூமுக்குப் போகிற வால்வை மூடித் திறந்து பார்த்தான். சரியாகத் திறந்தே இருந்தது. கீழே வந்து, அதே லைனில் கதவுக்கு வெளியே இருந்த குழாயடிக் குழாயைத் திறந்தான். வேகமாகவே வந்தது. அப்படியானால் கோளாறு கதவுக்கும் ஷவருக்கும் நடுவில்.

நாகவல்லி எழுந்து வந்து வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஷவர் தலையில் அடைப்பு இருக்கலாம் என்று ஸ்டூல் போட்டு ஏறி அதைக் கழற்றினான். உள்ளே குளவி மண்கூடு கட்டியிருந்தது. கிடைத்துவிட்டது என்று நினைத்து, கம்பியால் கூட்டைச் சுரண்டி எடுத்து, ஓட்டைகளை ஊசியால் குத்தினான். தலையை மாட்டுமுன் ஒரு தரம் சக்கரத்தைத் திறந்தான். வெறும் பைப்பிலிருந்தும் தண்ணீர் வரவில்லை. ஆனால் அந்தக் கூடு அவன் மனசில் ஒரு மாதிரியாகத் தங்கிவிட்டது. தண்ணீர் போய் வருகிற இடத்தில் குளவி வீடு கட்டாது.

அடுத்தது வால்வு. பைப் சுவரோடு படுத்தவாக்கில் நெஞ்சுயரத்தில் வந்து, வால்வைத் தாண்டி, அப்புறம் மேலே ஷவருக்கு ஏறுகிறது. வால்வுக்கு முன்னால் பைப்பை இணைக்கிற யூனியனைக் கொஞ்சம் தளர்த்தினான். தண்ணீர் பீய்ச்சி அவன் சட்டையை நனைத்தது. ஆக, வால்வின் வாசல் வரைக்கும் தண்ணீர் வந்து நிற்கிறது, வால்வுதான் விடமாட்டேன் என்கிறது. மாடிக்குப் போய் லைனை மூடிவிட்டு வந்து, வால்வின் தலையைக் கழற்றினான். ரப்பர் வாஷர் ஒட்டிக்கொண்டிருக்கும், பழசாகி உப்பியிருக்கும் என்று எதிர்பார்த்தான். கடையில் வாங்கியது போலப் புதுசாக இருந்தது. தேய்மானமே இல்லை. இரண்டு வருஷமாகத் தண்ணீர் அதைத் தாண்டிப் போகவே இல்லை.

பையிலிருந்து மண்ணெண்ணெய்த் துணியை எடுத்து வால்வின் வயிற்றைத் துடைத்தான். ஆசிட் ஆவி பட்டுப் படிந்திருந்த பச்சைக் களிம்பு போனதும், பித்தளையில் வார்த்திருந்த அம்புக்குறி தெரிந்தது. தண்ணீர் எந்தப் பக்கமாகப் போக வேண்டும் என்று காட்டுகிற அம்பு. அது ஷவர் பக்கம் பார்க்க வேண்டும். தொட்டிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

வால்வைத் திருப்பி மாட்டியிருந்தது.

அந்த மாதிரி வால்வுக்குள் தண்டோடு சேராமல் தளர்வாகக் கிடக்கிற ஒரு சின்னப் பித்தளைத் தட்டு, அதன் அடியில் வாஷர். சக்கரத்தைத் திறந்தால், வருகிற தண்ணீர் அடியிலிருந்து அந்தத் தட்டைத் தூக்கிவிட்டுப் போக வேண்டும். திருப்பி மாட்டினால் தண்ணீர் மேலேயிருந்து தட்டின் தலையில் உட்கார்ந்துகொள்ளும். சக்கரத்தை எத்தனை சுற்றுத் திறந்தாலும் உள்ளே மூடியே கிடக்கும். பைப் வேலைக்கு வருகிற யாருக்கும் முதல் மாதத்திலேயே சொல்லித்தருகிற விஷயம்.

ஷவுகத் அலிக்கு அந்த நாள் முழுசாக ஞாபகம் வந்தது. அப்போது கட்டடம் புதுசு. மேலே தொட்டி வந்துவிட்டது, தண்ணீர் ஏற்றுகிற மோட்டார் வரவில்லை. லைசென்ஸுக்காக அதிகாரி வருகிறார், எல்லாம் மாட்டியிருக்க வேண்டும் என்று காண்ட்ராக்டர் அவசரப்படுத்தினான். ஷவுகத் அலி கடைசி வால்வைக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோது அவன் மச்சான் பஷீருதீன் சைக்கிளில் வந்து, லத்தீஃபாவுக்குப் பிரசவ வலி கண்டுவிட்டது என்றான். அந்த வால்வை எப்படி முறுக்கினான், எந்தப் பக்கம் பார்த்து முறுக்கினான் என்பது அவனுக்குத் தெரியாது. தண்ணீர் ஏறிய பிறகு வந்து திறந்து பார்த்துவிட்டுப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஓடினான். அன்று சாயங்காலம் அவன் மகள் ஷம்ஷாத் பிறந்தாள். மோட்டாரை வேறு யாரோ வந்து மாட்டினார்கள். அவன் திரும்பி வரவே இல்லை.

இரண்டு வருஷம். தினமும் இந்தப் பெண்கள் நாலு பேர் இந்தத் தொட்டிக்கு மேலே குனிந்து நின்றிருக்கிறார்கள், மூலையில் ஒரு ஷவர் இருக்கிறது என்ற தைரியத்தில்.

"இன்னா பாய், இன்னா கோளாறு?" என்று நாகவல்லி கேட்டாள்.

"வால்வுல," என்றான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அது பொய் இல்லை. ஆனால் உண்மையும் இல்லை என்று அவனுக்குத் தெரிந்தது. வால்வைக் கழற்றி, திருப்பி, சணல் சுற்றி, வெள்ளை பெயிண்ட் தடவி, அம்பு ஷவரைப் பார்க்கிற மாதிரி முறுக்கினான். மாடியில் லைனைத் திறந்துவிட்டு வந்து சக்கரத்தைத் தொட்டான். கால் சுற்றுத்தான் திறந்திருப்பான், பைப் ஒரு தரம் இருமியது. செந்நிறமாகக் கொஞ்சம் கொட்டி, அப்புறம் தெளிந்து, ஷவர் முழுசாகப் பொழிந்தது.

நாகவல்லி உள்ளே வந்து கையை நீட்டி அதில் வைத்துக்கொண்டாள். மூடச் சொன்னாள். தானே திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். பிறகு சம்பத்திடம், இனிமேல் தினமும் காலையில் வேலை தொடங்குமுன் இதைத் திறந்து பார்ப்பேன் என்றாள். தண்ணீர் வீணாகுமே என்று சம்பத் இழுத்தார். பக்கெட்டில் பிடித்துத் தரை கழுவிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, ஏப்ரனை இறுக்கிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

அன்று வீட்டுக்குப் போனதும் ஷவுகத் அலி லத்தீஃபாவிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னான். அவள் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே கேட்டாள். அவனைத் திட்டவில்லை. அவங்ககிட்டச் சொல்லிட்டீங்களா என்று ஒரு தடவைதான் கேட்டாள். நாளைக்குச் சொல்கிறேன் என்றான்.

மறுநாள் அவன் அம்பத்தூர் பக்கம் போகவில்லை. ஷம்ஷாத் பிறந்த மாதத்தில் வேறு எங்கெல்லாம் லைன் போட்டோம் என்று யோசித்து, ஒவ்வொரு இடமாகப் போனான். அண்ணனூர் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு சாயப்பட்டறை, ஆவடியில் ஒரு பிரசவ விடுதி, திருவேற்காட்டில் ஒரு சத்திரம். சும்மா இந்தப் பக்கமாக வந்தேன், ஒரு தரம் திறந்து காட்டுங்கள் என்று கேட்டான். இலவசமாகப் பார்க்க வந்த ஆளை அவர்கள் சந்தேகமாகப் பார்த்தார்கள். எல்லா இடத்திலும் தண்ணீர் வந்தது, எல்லா அம்பும் சரியாக இருந்தது. அப்படியும் அவனுக்குச் சமாதானம் ஆகவில்லை. முன்பெல்லாம் வேலை முடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டு போய்விடுகிறவன், இப்போது நாலு தரம் திறந்து மூடிப் பார்த்தான். ஒரு வீட்டில் அந்த அம்மாள், போதும் பாய், தொட்டி காலியாகிவிடும் என்று சொல்ல வேண்டியதாயிற்று. ஆனால் அம்பத்தூருக்குப் போய் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வதற்கு மட்டும் நாள் வாய்க்கவில்லை.

பதினோராம் நாள் அவன் கரையான்சாவடியில் ஒரு மளிகைக்கடைக்குப் பின்னால் அடிபம்பைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். மத்தியானம் ஒரு மணி இருக்கும். கம்பெனி வாட்ச்மேன் கோவிந்தன் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தான். சட்டையெல்லாம் வேர்வை. பூந்தமல்லியில் வீட்டுக்குப் போய், லத்தீஃபாவிடம் கேட்டுக்கொண்டு இங்கே வந்திருக்கிறான்.

"பாய், கெளம்பு," என்றான். "ஆசிட் ஜாடி ஒடைஞ்சு துலுக்கானம் மேல கொட்டிடுச்சு. மூஞ்சியெல்லாம். லாரில போட்டு ஆஸ்பத்திரிக்கு எடுத்துகினு போய்க்கிறாங்க."

ஷவுகத் அலி கையில் இருந்த பம்புக் கம்பியைக் கீழே வைத்தான். துலுக்கானம் யாரென்று அவனுக்குத் தெரியும். ஆசிட் ஜாடிகளைக் கிடங்கிலிருந்து தூக்கி வருகிற ஆள், இருபத்தைந்து வயசு. அன்றைக்கு ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் அவன்தான்.

"ஷவர்?" என்று கேட்டான்.

"அதான் ஏதோ தகராறாம். சூப்பர்வைசர் லாரில ஏறிகினே சொன்னாரு, ஷவரு தகராறு பண்ணுது, பாயைக் கையோட கூட்டியான்னு."

"தண்ணி வந்துச்சா, வரலியா?"

"நான் கேட்டாண்ட கீறவன் பாய். உள்ள நடந்தது எனக்கு இன்னா தெரியும்."

இரண்டு சைக்கிளும் கிளம்பின. கோவிந்தன் ஏற்கெனவே களைத்திருந்தான், திருவேற்காடு வருவதற்குள் பின்தங்கிவிட்டான். ஷவுகத் அலி அவனுக்காக நிற்கவில்லை. வெயில் தலைக்கு மேல் இருந்தது. அம்பைத் திருப்பியது தன் கை. தண்ணீர் வந்ததைத் தன் கண்ணால் பார்த்தான். மூன்று தரம் திறந்து பார்த்தார்கள். அப்படியும் இன்றைக்குத் தகராறு செய்தது என்றால்? வாஷர் ஒட்டிக்கொண்டதா? பழைய வாஷரையே திரும்பப் போட்டோமே, புதுசாகத்தானே இருந்தது என்று விட்டோமே. தட்டு மாட்டிக்கொண்டதா? ஒரு காரணம் மாற்றி ஒரு காரணமாக மனசு எடுத்து எடுத்துப் போட்டது. எல்லாக் காரணத்தின் முடிவிலும் துலுக்கானம் அந்தச் சக்கரத்தைத் திருகிக்கொண்டு நின்றான்.

அயனம்பாக்கம் ஏரிக்கரையில் எதிர்க்காற்று அடித்தது. சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதித்தான். லத்தீஃபா கேட்ட அன்றைக்கே வந்து சொல்லியிருந்தால், இன்னொரு ஆளை வைத்துப் பார்க்கச் சொல்லியிருப்பார்கள் என்று தோன்றியது. தன் வாய்க்குள் இருந்த ஒரு வாக்கியத்துக்காக ஒருத்தன் கண் போய்விட்டது என்று முடிவே செய்துவிட்டான். கம்பெனிக்குப் போனதும் முதலில் அதைச் சொல்லிவிடுவது, அப்புறம் அவர்கள் என்ன செய்தாலும் சரி என்று நினைத்துக்கொண்டான்.

கம்பெனி கேட் திறந்தே கிடந்தது. சைக்கிளை விட்டு இறங்கினபோது காலடியில் ஈரம் தெரிந்தது. ஆசிட் ரூம் கதவின் கீழே இருந்து தண்ணீர் ஒரு வாய்க்கால் போல வெளியே வந்து, முற்றத்தைக் கடந்து, சாக்கடையில் இறங்கிக்கொண்டிருந்தது. சாக்கடை ஓரம் முழுக்க மண் கரைந்திருந்தது. ரொம்ப நேரமாக ஓடுகிற தண்ணீர்.

உள்ளே போனான். ஷவர் கொட்டிக்கொண்டிருந்தது. அடியில் யாரும் இல்லை. தரையில் உடைந்த கண்ணாடித் துண்டுகளை ஓரமாகக் கூட்டி வைத்திருந்தார்கள். நாகவல்லி உச்சந்தலையிலிருந்து கால் வரைக்கும் நனைந்து, ஒரு கவிழ்த்த பக்கெட்டின் மேல் உட்கார்ந்திருந்தாள். இரண்டு உள்ளங்கையிலும் பார்வதம் ஏதோ மருந்து தடவித் துணி சுற்றிக்கொண்டிருந்தாள்.

"வா பாய்," என்றாள் நாகவல்லி. "இத்த மூடிக் குடு. ஒரு மணி நேரத்துக்கு மேல ஊத்திகினு கீது. சக்கரம் சும்மா சுத்துது, மூட மாட்டேங்குது. மாடில எந்த வால்வ மூடறதுன்னு இங்க யாருக்கும் தெரியல. கரண்ட்டு வேற இல்ல, தொட்டி காலியாவப் போவுது."

ஷவுகத் அலிக்கு அவள் சொன்னது புரிவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. தகராறு என்றால், திறக்கவில்லை என்பதல்ல. மூடவில்லை.

சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் அப்படியே உட்கார்ந்தான். தண்ணீர் அவன் வேட்டியை நனைத்துக்கொண்டு ஓடியது. அவன் சிரிக்கிறானா அழுகிறானா என்று பார்வதத்துக்குத் தெரியவில்லை. வெயிலில் வந்த மயக்கம் என்று நினைத்துக் குடிக்க மோர் கொண்டுவரப் போனாள்.

பிறகு எழுந்து வால்வைப் பார்த்தான். சக்கரத்தைப் பிடித்துவைத்திருக்கிற நட்டு கழன்று எங்கேயோ விழுந்திருந்தது. நாகவல்லி ஒரே மூச்சில் கடைசி வரைக்கும் திறந்து, அதற்கு மேலும் திருகியிருக்கிறாள். சக்கரத்தின் சதுர ஓட்டை வட்டமாகிவிட்டது. ரெஞ்சால் நடுத்தண்டைப் பிடித்து ஆறு சுற்றுச் சுற்றினான். ஷவர் நின்றது. திடீரென்று அந்த ரூம் அமைதியானதும்தான் எவ்வளவு சத்தம் இருந்தது என்று தெரிந்தது.

நடந்ததை நாகவல்லி சொன்னாள். கண்ணாடி ஜாடியை அது உட்கார்ந்திருக்கிற கூடையோடு சாய்த்துத் துலுக்கானம் தொட்டியில் ஊற்றும்போது, ஜாடியின் அடிப்பக்கம் விட்டுப்போயிற்று. துலுக்கானத்தின் முகம், கழுத்து, தோள் எல்லாம் ஆசிட். அவன் கண்ணை மூடிக்கொண்டு சுவரில் போய் முட்டினான். நாகவல்லி அவன் சட்டையைப் பிடித்து இழுத்து வந்து ஷவருக்கு அடியில் தள்ளினாள். அவன் கையை முகத்திலிருந்து எடுக்க மாட்டேன் என்றான். அவனோடு தானும் உள்ளே நின்று, கையைப் பிடித்து விலக்கி, இமையை இரண்டு விரலால் பிரித்துப் பிடித்துக்கொண்டாள். லாரி வந்து நிற்கிற வரைக்கும், கால் மணி நேரத்துக்கு மேல் அப்படியே நின்றார்கள். அவன் போட்ட கூச்சலை அவள் சொல்லவில்லை, பார்வதம்தான் சொன்னாள்.

அதைக் கேட்ட பிறகும் ஷவுகத் அலி வீட்டுக்குக் கிளம்பவில்லை. புது நட்டு போட்டு, சக்கரத்தை மாற்றினான். வாஷரையும் மாற்றினான். மூன்று மணிக்குக் கரண்ட் வந்ததும் தொட்டி நிரம்புகிற வரைக்கும் மாடியிலேயே நின்றான். ஐந்து மணிக்குச் சம்பத் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தார். முகம் தெளிவாக இருந்தது. கழுத்திலும் தோளிலும் தழும்பு நிற்கும், கண் தப்பும் என்று பெரிய டாக்டர் சொன்னாராம். இப்போது கட்டுப் போட்டிருக்கிறது, மூன்று நாள் கழித்துப் பிரித்துப் பார்த்துவிட்டு நிச்சயமாகச் சொல்கிறேன் என்றாராம். எவ்வளவு நேரம் கழுவினீர்கள் என்று இரண்டு தரம் கேட்டாராம். அஞ்சு நிமிஷத்தில் நிறுத்தியிருந்தால் இந்தப் பேச்சே வேறு மாதிரி இருந்திருக்கும் என்றாராம்.

நாகவல்லி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அது வரைக்கும் அவள் அழவில்லை.

ஷவுகத் அலி அப்போது சொன்னான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வால்வைத் திருப்பி மாட்டியது தான்தான் என்றும், திறந்து பார்க்காமலே போய்விட்டதாகவும், பத்து நாள் முன்னால் அதைக் கண்டுபிடித்தும் சொல்லவில்லை என்றும் வரிசையாகச் சொன்னான். மனைவியின் பிரசவத்தைச் சொல்லவில்லை. அது ஒரு சாக்காகிவிடும் என்று விட்டுவிட்டான்.

சம்பத் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். லைன் வேலை சரியாக முடிந்தது என்று அன்றைக்குக் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். அவரும் அந்தச் சக்கரத்தைத் தொட்டதில்லை. அதை அவர் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டு நாகவல்லியைப் பார்த்தார்.

அவள் முகத்திலிருந்து முந்தானையை எடுத்தாள்.

"ரெண்டு வருசமா நாங்க அத்த நம்பிகினு நின்னுகினு இருந்தோம் பாய்," என்றாள். "அன்னிக்கே நீ சொல்லியிருந்தா நான் கோவத்துல உன்ன இன்னா சொல்லியிருப்பேனோ."

"சொல்லியிருக்கணும் யக்கா."

"சொல்லியிருக்கணும்." துணி சுற்றிய கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். "இன்னிக்கு எனக்குத் திட்டறதுக்குத் தெம்பு இல்ல. அவனுக்குக் கண்ணு கெடைக்கட்டும். போய் உன் ஊட்ல சொல்லு, நல்லபடியா ஆச்சுன்னு. பயந்துகினு இருப்பாங்க."

அவள் மன்னித்தாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. ஆனால் வீட்டுக்குப் போகிற வழியில் சைக்கிள் லேசாக ஓடியது. ஏரிக்கரையில் இறங்கி, தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டு, கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனான்.

அடுத்த இரண்டு நாளும் அவனுக்கு வேலை ஓடவில்லை. மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு, லத்தீஃபா கொடுத்த சாத்துக்குடிப் பையோடு பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனான். வார்டில் கேட்டுக் கேட்டுப் போனபோது, கட்டிலைச் சுற்றிக் கம்பெனி ஆட்கள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். துலுக்கானத்தின் அம்மா அங்கம்மா தலைமாட்டில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு பக்கமும் கழுத்தும் மருந்துத் துணியில் இருந்தன. கண் கட்டைக் காலையில்தான் அவிழ்த்தார்கள் என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். டாக்டர் விரலைக் காட்டினார், எண்ணிச் சொன்னானாம். கண் இரண்டும் மிளகாய்ப் பழம் போலச் சிவந்து, திறந்திருந்தன.

ஷவுகத் அலி கட்டிலின் கால்மாட்டில் நின்றான். துலுக்கானம் அவனை மேலும் கீழும் பார்த்தான். உதடு வெந்திருந்ததால் பேச்சு மெதுவாக வந்தது.

"பாய்," என்றான். "சட்டைப் பித்தானை மாத்திப் போட்டுகினு வந்துகிறியே."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஷவுகத் அலி குனிந்து பார்த்தான். மேலேயிருந்து மூன்றாவது பித்தான் இரண்டாவது ஓட்டையில் இருந்தது, அதற்குக் கீழே எல்லாமே ஒன்று தள்ளி. அது வெள்ளைச் சட்டையில் வெள்ளைப் பித்தான். அங்கம்மா விசிறியை நிறுத்திவிட்டு, மகனையும் அந்தச் சட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவன் சாத்துக்குடிப் பையைக் கட்டிலில் வைத்துவிட்டு, பித்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மறுபடி மாட்டத் தொடங்கினான். துலுக்கானம் அவசரப்படுத்தாமல், கடைசிப் பித்தான் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தான்.